இலுப்பை மரத்து வௌவாலால் எலிக்காய்ச்சல் வருமா? மரத்தை வெட்டச் சொல்கிறார்கள்

கொல்லைக்காரன் கேட்டது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமம். கொல்லையில் ஒரு பெரிய இலுப்பை மரம் இருக்கிறது, தாத்தாவுக்கும் முந்தைய மரம். அதில் பெரிய வௌவால்கள் தொங்கும், இருநூறுக்குக் குறையாது. நான் பிறந்ததிலிருந்து அவை அங்கேதான் இருக்கின்றன. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொன்றாகக் கிளம்பும், விடிவதற்குள் திரும்பி வந்து சண்டை போட்டுக்கொண்டு இடம் பிடிக்கும். இதுவரை யாரும் அவற்றை ஒன்றும் செய்ததில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. இந்தப் பக்கம் எங்கள் கிணறு, கிளை பாதி கிணற்றுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு 61 வயது. இந்தக் கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் டெங்குவாக இருக்கும் என்று சொல்லி நாலு நாள் மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. கண் இரண்டும் சிவந்துவிட்டது, கெண்டைக்காலில் கை வைத்தாலே அலறினார். ஆறாம் நாள் கண் மஞ்சளானதும் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எலிக்காய்ச்சல் என்றார்கள். பென்சிலின் ஊசி ஏழு நாள் போட்டார்கள். சிறுநீரகம் கொஞ்சம் பாதிக்கப்பட்டது, ஆனால் டயாலிசிஸ் வரை போகவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், சோர்வு மட்டும் இருக்கிறது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், இது வௌவால் மூத்திரம் கிணற்றில் விழுந்து வந்ததுதான் என்று சித்தப்பா பிடிவாதமாகச் சொல்கிறார். தெருவில் நாலு பேரும் அதையே பேசுகிறார்கள். கேரளாவில் நிபா வந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தவர்கள்தானே. மரம் வெட்டுகிற ஆளை அழைத்துவந்து விலையும் பேசிவிட்டார். அப்பா "வேண்டாம்டா" என்கிறார், ஆனால் சத்தம் போட்டுப் பேச அவருக்கு இப்போது தெம்பு இல்லை.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். பழம் தின்னும் வௌவாலிடம் எலிக்காய்ச்சல் கிருமி இருக்குமா? நிபா வைரஸ் என்று தெரியும், நான் கேட்பது பாக்டீரியாவைப் பற்றி. வேறு என்னென்ன பாக்டீரியா நோய் அவற்றிடமிருந்து வரும்? மரத்தை வெட்டினால் ஆபத்து நீங்குமா?

இன்னொன்று, இது பெரிய விஷயமா என்று தெரியவில்லை. போன சனிக்கிழமை ஒரு வௌவால் கரண்ட் கம்பியில் அடிபட்டுக் கொல்லையில் விழுந்தது. என் பையன், பத்து வயது, பாவம் என்று கையால் தூக்கிவிட்டான். முன்னங்கையில் நகம் பட்டு ஒரு கோடு கிழித்திருக்கிறது. மஞ்சள் வைத்தோம், காய்ந்துவிட்டது. காய்ச்சல் எதுவும் இல்லை. இதனால் ஏதாவது பாக்டீரியா தொற்று வருமா?

தென்கரை மாட்டு டாக்டர் எழுதியது:

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

பையனை இன்றே, இதைப் படித்த கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வௌவால் நகம் பட்டுத் தோல் கிழிந்தால் முதலில் யோசிக்கவேண்டியது பாக்டீரியா இல்லை, ரேபிஸ். வௌவாலை நேரடியாகத் தொட்டுக் காயம் ஏற்பட்டால் அதை உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகைத் தொடர்பு என்று வைத்திருக்கிறது, அதாவது தடுப்பூசியோடு, ரேபிஸுக்கான தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினையும் காயத்தைச் சுற்றிப் போடவேண்டிய வகை. நாய் கடித்தால்தானே ஊசி, வௌவாலுக்கு எதற்கு என்று அங்கே யாராவது கேட்கலாம். நம் நாட்டு வௌவால்களில் ரேபிஸ் பெரிதாக நிரூபிக்கப்படவில்லை என்பதால் அப்படி நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் நாகாலாந்தில் வௌவால்களைப் பரிசோதித்தபோது ரேபிஸ் குடும்பத்து வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் அவற்றின் ரத்தத்தில் இருந்திருக்கிறது. வந்தால் பிழைக்கமாட்டார்கள் என்கிற நோய்க்கு, இருக்காது என்ற நம்பிக்கையில் ஊசியைத் தவிர்ப்பது சரியில்லை. டாக்டரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், ரேபிஸ் உடம்புக்குள் மெதுவாகப் போகிற நோய், இப்போது போட்டாலும் பலன் உண்டு. காயம் காய்ந்திருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

ராத்திரி வந்து மீதியை எழுதுகிறேன்.

செம்பருத்தி எழுதியது:

டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள் தம்பி. நான் கேட்க வந்தது மரத்தைப் பற்றி. உங்கள் பக்கத்திலேயே பெரம்பூரில் மரத்து வௌவால்கள் கலையக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் கழுப்பெரும்பாக்கத்திலும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தடியில் இருக்கிறார்கள். ஊரே காய்ச்சலில் படுத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்குமே. நான் படித்தவள் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இலுப்பை பூக்கிற காலத்தில் அந்த மரத்துக்கு வௌவால்தான் எல்லாம். மரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை, அப்புறம் அந்த நிழல் உங்கள் பேரன் காலத்தில்தான் வரும்.

தென்கரை மாட்டு டாக்டர் எழுதியது:

சரி, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பையனுக்கு ஊசி போட்டீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலுக்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்பது சுருள் மாதிரி இருக்கும் பாக்டீரியா. விலங்கின் சிறுநீரகத்துக்குள் குடியிருந்துகொண்டு, அந்த விலங்குக்கு ஒன்றும் ஆகாமலே, மூத்திரத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். எலி, பெருச்சாளி, நாய், மாடு, பன்றி எல்லாவற்றிலும் உண்டு. வௌவாலிலும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆஸ்திரேலியாவில் நம் பெரிய வௌவாலின் பங்காளி இனங்களைப் பிடித்துப் பார்த்ததில் சிறுநீரகத்திலும் மூத்திரத்திலும் இந்தக் கிருமியின் மரபுப் பொருள் கிடைத்தது. மடகாஸ்கர், கொமொரோ தீவுகளில் வௌவால்களிடமும், அமேசான் காட்டு வௌவால்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சித்தப்பா சொல்வது வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கிருமி இருப்பது வேறு, அதுதான் உங்கள் அப்பாவைப் படுக்க வைத்தது என்பது வேறு. லெப்டோஸ்பைராவில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு, ஒவ்வொரு விலங்கிடமும் பெரும்பாலும் அதற்கென்று பழகிப்போன சில ரகங்களே இருக்கும். மடகாஸ்கர் பக்கம் வௌவாலில் கிடைத்த ரகங்கள் அங்கே எலியில் கிடைத்த ரகங்களிலிருந்து பெரும்பாலும் வேறாகத்தான் இருந்தன. பழம் தின்னும் வௌவாலிடமிருந்து நேராக மனிதனுக்கு வந்து நோயாளிகள் கூட்டமாகப் படுத்தார்கள் என்று உறுதியான செய்தி நான் பார்த்ததே இல்லை. எலியிடமிருந்து வந்ததற்கோ கணக்கே இல்லை.

உங்களிடம் சில கேள்விகள். அப்பா காய்ச்சல் வருவதற்கு முன் இரண்டு மூன்று வாரத்துக்குள் வயலில் இறங்கினாரா? காலில் பித்தவெடிப்பு உண்டா? வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறீர்களா? மாட்டுக்கொட்டகை எங்கே இருக்கிறது? கேட்பதற்குக் காரணம், இந்தக் கிருமி வாய் வழியாக வருவதைவிட வெடித்த தோல், சின்னக் கீறல், கண், மூக்கு வழியாகத்தான் அதிகம் நுழையும். நுழைந்து ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் காய்ச்சல் வந்துவிடும், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட ஆகும். கார்த்திகையில் வரப்பு எலி வளைக்குள் தண்ணீர் ஏறி எலியெல்லாம் வெளியே வந்திருக்கும். அந்தச் சேற்றில் பித்தவெடிப்புக் காலோடு அரை நாள் நின்றால் கிருமி நுழைய அதுவே போதும். டெல்டாவில் நான் பார்த்த எலிக்காய்ச்சல் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இப்படித்தான்.

அடுத்தது, வேறு என்ன பாக்டீரியா என்று கேட்டீர்கள். சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற வயிற்றுக் கிருமிகள் பல நாட்டு வௌவால்களின் எச்சத்தில் கிடைத்திருக்கின்றன. அவை கோழியிலும் முட்டையிலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவைதான். வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவை ஓரத்தை வெட்டிவிட்டுத் தின்னும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், நிபாவுக்காகவும் சேர்த்து.

பார்ட்டொனெல்லா என்று ஒன்று. பூனை கீறினால் நெறி கட்டுமே, அதற்குக் காரணமான கிருமியின் குடும்பம். இது வௌவாலின் ரத்தத்தில் இருக்கும். வௌவாலின் ரோமத்துக்குள் சிலந்தி மாதிரி ஓடும் இறக்கையில்லாத ஒரு ஈ உண்டு, அதற்குள்ளும் இதே கிருமி கிடைத்திருப்பதால் ஒரு வௌவாலிலிருந்து இன்னொன்றுக்கு அந்த ஈதான் கடத்துகிறது என்று நினைக்கிறார்கள். அடிபட்டு விழுந்த வௌவாலைப் பார்த்திருந்தால் அந்த ஈயையும் பார்த்திருப்பீர்கள். நைஜீரியாவின் தென்மேற்கில் ஆண்டுக்கு இரண்டு முறை வௌவால் திருவிழா நடக்கும், குகைக்குள் இறங்கி வௌவாலைப் பிடித்துத் தின்பார்கள், விற்பார்கள். அந்த ஊர்களில் 204 பேர் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 8 பேருக்கு அந்த வௌவாலின் பார்ட்டொனெல்லாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தது, 2018ல் வெளியான ஆய்வு. வௌவாலைக் கையால் பிடித்து, அறுத்து, தின்று வாழ்கிற ஊரிலேயே 204க்கு 8 என்றால், மரத்தடியில் நடந்து போகிறவருக்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த 8 பேரும் நோயில் விழுந்தவர்கள் என்றும் அர்த்தம் இல்லை, கிருமி உடம்பில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சாம்பியாவில் 2019ல் பதிவான ஒன்று உண்டு. வௌவால் குகைக்குள் போய்வந்த ஒருவருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல். காரணம் பொரீலியா இனத்து பாக்டீரியா. அதே கிருமி அங்கே குகையில் வாழும் பழந்தின்னி வௌவாலிலும், வௌவாலைக் கடிக்கும் மென்மையான உண்ணியிலும் கிடைத்தது. அந்த ஆளையும் உண்ணி கடித்திருந்தது. இது குகையின் கதை. உங்கள் மரத்து வௌவால் வெட்டவெளியில் வெயிலில் தொங்குகிறது, அந்த உண்ணிக்கு அங்கே ஒளிய இடமே இல்லை.

இதை எல்லாம் படித்துப் பயப்படாதீர்கள். பாக்டீரியா என்றால் மருந்து உண்டு. எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின், டாக்சிசைக்ளின் இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். நேரத்துக்குப் போனால் கேட்கும். உங்கள் அப்பாவுக்கு ஆறு நாள் தள்ளிப்போனதுதான் எனக்கு வருத்தம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு போகிற யாராக இருந்தாலும், நான் வயலில் இறங்கினேன், எலி இருக்கிறது, மாடு இருக்கிறது, வௌவாலைத் தொட்டேன் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லவேண்டும். கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று முதல் நாளே கேளுங்கள்.

ராமநாதன்_7 எழுதியது:

டாக்டர் சார், வௌவால் எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் ஹிஸ்டோ ஏதோ வரும் என்று படித்தேனே, அதை விட்டுவிட்டீர்கள். எங்கள் பக்கம் ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்று இன்னும் வாங்குகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

தென்கரை மாட்டு டாக்டர் எழுதியது:

ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ். அது பூஞ்சை, பாக்டீரியா இல்லை. குகை, பாழடைந்த கட்டடம் போன்ற மூடின இடத்தில் வருடக்கணக்காகக் குவிந்த எச்சத்தைக் கிளறும்போதுதான் பயம். திறந்த கொல்லையில் மழையும் வெயிலும் படுகிற இடத்தில் அவ்வளவு இல்லை. இருந்தாலும் காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாமல், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு வாருவது நல்ல பழக்கம்.

கறி விஷயத்தில் கோபமே வருகிறது. ஆஸ்துமாவுக்கு வௌவால் கறியால் எந்தப் பலனும் நிரூபிக்கப்படவில்லை. நான் மேலே சொன்ன ரத்தம், மூத்திரம், எச்சில், உண்ணி, ஈ அத்தனையும் ஒரே நேரத்தில் கையில் படுவது அதைப் பிடித்து உரிக்கிறவருக்குத்தான். மரத்தடியில் குடியிருக்கிறவருக்கு இருக்கிற ஆபத்தைப் பத்து என்று வைத்தால் இவருக்கு ஆயிரம். மூச்சிரைப்போடு இருக்கிற ஒரு குழந்தைக்கு இன்ஹேலர் வாங்கிக் கொடுக்காமல் இதைத் தேடி அலைகிற பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன்.

பிரிஸ்பேன் மீனா எழுதியது:

தாமதமாக வருகிறேன். நான் பிறந்தது கும்பகோணம், 14 வருடமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன், இங்கே அடிபட்ட வௌவால்களை எடுத்து வளர்த்து விடுகிற தன்னார்வக் குழுவில் வேலை செய்கிறேன். டாக்டர் ரேபிஸை முதலில் வைத்தது நூற்றுக்கு நூறு சரி. இங்கே ரேபிஸின் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் வௌவால்களிடம் இருக்கிறது, 1996லிருந்து அதில் இறந்துபோனவர்கள் உண்டு. அதனால் ரேபிஸ் ஊசி போட்டு, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று காட்டின பிறகுதான் எங்களை வௌவால் பக்கமே விடுவார்கள். பொதுமக்களுக்குச் சொல்வது ஒன்றுதான், தொடாதே. விழுந்து கிடந்தால் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாய் பூனை பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். உங்கள் பையனைத் திட்டாதீர்கள் தம்பி. நல்ல மனசோடு தூக்கியிருக்கிறான், அடுத்த தடவை கூடையை எடுக்கச் சொல்லிக்கொடுங்கள்.

மரத்தை வெட்டுவதைப் பற்றி. இங்கே ஊருக்குள் இருக்கிற வௌவால் கூட்டங்களை விரட்டிப் பார்த்தவர்கள் நிறைய. மெல்போர்ன் தாவரவியல் பூங்காவிலிருந்து 2003ல் விரட்டினார்கள், சிட்னி பூங்காவிலிருந்து 2012ல் சத்தம் போட்டு விரட்டினார்கள். பெரிய செலவு, பெரிய ஆள்பலம் இருந்ததால் அங்கே நடந்தது. சின்ன ஊர்களில் விரட்டினபோது பெரும்பாலும் என்ன ஆனது தெரியுமா, ஒரு கூட்டம் நாலாகப் பிரிந்து நாலு தெருவில் தொங்கியது. ஒரு இலுப்பை மரத்தடியில் இருக்கிற எச்சமும் மூத்திரமும் நாலு வீட்டுக் கூரைக்குப் போகும். சித்தப்பா வீட்டு மாமரத்துக்கே போனாலும் போகும்.

இன்னொரு விஷயம், எங்கள் குழுவில் எல்லாரையும் யோசிக்க வைத்தது இதுதான். ஹெண்ட்ரா என்று ஒரு வைரஸ், 1994ல் பிரிஸ்பேனின் ஒரு புறநகரில் குதிரைகளுக்கும் மனிதர்களுக்கும் வந்தது, வௌவாலிடமிருந்து. அது ஏன் சில வருடங்களில் மட்டும் வெளியே வருகிறது என்று பல வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2022ல் எழுதினார்கள். குளிர்காலத்தில் பூக்கும் காடுகளை அழித்த பிறகு பட்டினியாகிற வௌவால்கள் ஊருக்குள் வருகின்றன, அந்த மாதங்களில்தான் வைரஸ் அதிகம் கொட்டுகிறது. பாக்டீரியாவுக்கும் அப்படியே என்று நான் சொல்லவில்லை, அது வேறு ஆய்வு. ஆனால் மரத்தைக் குறைத்தால் நோய் குறையும் என்று நினைப்பது தலைகீழாகப் போகலாம்.

பாக்டீரியாவில் எனக்குத் தெரிந்த, யாரும் பேசாத ஒன்று, அது எதிர்த்திசையிலும் போகிறது. இங்கே சாம்பல் தலை வௌவால்களின் எச்சத்தில் இருந்த ஈ.கோலை பாக்டீரியாவைப் பார்த்ததில், ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாமல் செய்கிற மரபணுத் துண்டுகள் காட்டில் இருந்தவற்றைவிட மனிதப் பராமரிப்பில் இருந்தவற்றில் மிக அதிகமாக இருந்தன. வௌவால் மாத்திரை சாப்பிடுவதில்லை. நம் கையிலிருந்து, நம் சாக்கடை கலந்த தண்ணீரிலிருந்து அதற்குப் போகிறது. அதைப் படித்த நாளிலிருந்து நான் வௌவாலைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவுகிறேன், பின்னும் கழுவுகிறேன்.

கொல்லைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. நேற்றே போனோம். முதலில் இருந்தவர் வௌவாலுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் டாக்டர் எழுதின மூன்றாம் வகை விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்ப் பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார். இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லை, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், நாளைக் காலை போகிறோம். அதற்குத் தாமதமாகிவிட்டதா?

டாக்டர் கேட்டதற்கு. ஆமாம், அப்பா களை எடுக்கிற ஆட்களோடு தினம் வயலில் நின்றார், வடிகால் அடைத்துக்கொண்டது என்று அவரே இறங்கி வெட்டிவிட்டார். பித்தவெடிப்பு பல வருடமாக இருக்கிறது, ஒரு குதிகாலில் ரத்தமே வரும். நெல் மூட்டை திண்ணை அறையில், அங்கே ராத்திரியில் எலி ஓடும் சத்தம் கேட்காத நாளில்லை. இதை எழுதும்போதே எனக்குப் புரிகிறது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

சித்தப்பாவிடம் கிணற்றுக்கு என்ன பதில் சொல்வது? கிளை நேராக மேலே இருப்பது உண்மைதான், எச்சம் விழுவதும் உண்மைதான்.

தென்கரை மாட்டு டாக்டர் எழுதியது:

தாமதமில்லை. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் போடலாம், அதற்குமேல்தான் பயனில்லை. சொன்னபடி நாளைக் காலையே, தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். அடுத்த ஊசிகள் 3, 7, 28ஆம் நாட்கள், காலண்டரில் எழுதி வையுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். கிணற்றுக்கு நம் கிணற்றடி அண்ணன் வருவார், அவர் சுகாதாரத் துறையில் இருந்தவர்.

கிணற்றடி எழுதியது:

கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன். சித்தப்பா கிணற்றைப் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டே பேசுங்கள், அப்போதுதான் மரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதைக் கேட்பார். குடிதண்ணீரில் எந்த மிருகத்தின் மூத்திரமும் எச்சமும் விழக்கூடாது, அது வௌவாலோ காக்கையோ. லெப்டோஸ்பைரா ஈரத்தில், நிழலான தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் காய்ந்தால் செத்துவிடும், கொதித்தால் செத்துவிடும், குளோரினுக்கும் நிற்காது.

கிணற்றுக்கு நேர்மேலே இருக்கிற அந்த ஒரு கிளையை மட்டும் கழியுங்கள். மரம் முழுதும் வேண்டாம். அதையும் வௌவால் குட்டி போடுகிற மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் செய்யாதீர்கள், தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டிருக்கும் குட்டிகள் கீழே விழும், மறுபடி யாராவது கையால் தூக்குவார்கள். சாயங்காலம் அவை கிளம்பிப் போன பிறகு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று வாய்க்குக் கம்பிவலை போதாது, வலை வழியாக எச்சம் விழும். தகர மூடி அல்லது சிமெண்ட் சிலாப் போட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் வாளி இறங்குகிற அளவுக்குக் கதவு வையுங்கள். மோட்டார் இருந்தால் முழுக்கவே மூடிவிடலாம். வெயில் காலத்தில் பெரிய வௌவால்கள் தண்ணீர் மேல் பறந்து வயிற்றை நனைத்துக்கொண்டு போய் அந்த ரோமத்தை நக்கித்தான் தாகம் தீர்த்துக்கொள்ளும். குளத்தில் பார்த்திருப்பீர்கள். தரைமட்டத்தில் திறந்து கிடக்கிற பெரிய தொட்டியோ சம்ப்போ இருந்தால் அதற்கும் வரும், அதனால் அதையும் மூடுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் கணக்கு. கிணற்றின் அகலத்தை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள், தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள், 3.14ஆல் பெருக்கி 4ஆல் வகுங்கள், 1000ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வரும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். உதாரணமாக 2 மீட்டர் அகலம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 12,500 லிட்டர், 31 கிராம் போதும். நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கின சுண்ணாம்பைக் கிணற்றில் போடக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்கவேண்டும், ராத்திரியில் செய்துவிட்டால் விடிந்ததும் எடுக்கலாம். பவுடர் டப்பா திறந்து மாதக்கணக்கில் இருந்தால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் இந்த அளவு போதாது, முதலில் இறைத்துத் தெளியவிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் இந்தக் கவலையே பாதி போய்விடும்.

அதைவிட முக்கியம், நெல் மூட்டை. தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அப்பாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். வெடிப்பு ஆறுகிற வரை வயலில் இறங்கவே விடாதீர்கள்.

பிரிஸ்பேன் மீனா எழுதியது:

கிணற்றடி அண்ணன் சொன்னதோடு ஒன்று. அடுத்த தடவை வௌவால் செத்து விழுந்தால் வெறுங்கையால் எடுக்கவேண்டாம், இரண்டு பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, மண்வெட்டியால் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். 2018 நவம்பரில் இங்கே ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸ் நகரத்துப் பக்கம் இரண்டு நாள் வெயிலில் 23,000 வௌவால்கள் செத்து விழுந்தன, கொல்லை கொல்லையாக எடுக்கவேண்டியிருந்தது. உங்கள் ஊர் வெயிலிலும் அப்படி ஒரு நாள் வரலாம். அன்றைக்குப் பிள்ளைகள் கையில் கையுறை இருக்கிறதா என்று பாருங்கள்.

கொல்லைக்காரன் எழுதியது:

இம்யூனோகுளோபுலின் போட்டாகிவிட்டது. காயத்தைச் சுற்றிக் குத்தினபோது பையன் அழுதான், அப்புறம் வெளியே வந்து அந்த வௌவால் பிழைத்ததா என்று கேட்டான். மறுநாளே செத்துவிட்டது, அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

சித்தப்பாவும் நானும் சேர்ந்து கிணற்றை அளந்தோம். 2.4 மீட்டர் அகலம், தண்ணீர் இப்போது 5 மீட்டர். 22,600 லிட்டர் வருகிறது, 56 கிராம் பவுடர் என்று போட்டிருக்கிறேன். சரிதானா என்று கிணற்றடி அண்ணன் பார்த்துச் சொல்லுங்கள், இன்று ராத்திரி கலக்கப் போகிறோம். மரம் வெட்டுகிறவரிடம் ஒரு கிளை மட்டும் என்று சொல்லியாகிவிட்டது, மாசிக்கு முன்னால், தை கடைசியில் ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு வருகிறேன் என்றார்.

கிணற்றடி எழுதியது:

கணக்கு சரி. 60 கிராமாகவே போடுங்கள், ஒன்றும் ஆகாது. வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.